பெர்ஷிங் வந்த வழி

ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 11ஆம் தேதி காலையில் எங்கள் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இருக்கும் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைப்பார்கள். ஓய்வுபெற்ற சொல்தாக்கள் மார்பில் மெடல்களைக் குத்திக்கொண்டு வருவார்கள். முன்பு ஐம்பது அறுபது பேர் நின்ற இடத்தில் இப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். நானும் காலை நடையை அந்தப் பக்கமாகத் திருப்பி, வேலிக்கு வெளியே ஓரமாக நின்று பார்த்துவிட்டு வருவது வழக்கம். அழைப்பு கிடையாது, பதவியும் கிடையாது. ஆனால் எனக்கு அங்கே ஒரு சொந்தம் உண்டு. என் அப்பாவைப் பெற்ற தாத்தா முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போய்த் திரும்பியவர். திரும்பி வந்தவர் என்பதால் கல்லில் பேர் இல்லை.

இந்த முறை அங்கே நின்றபோது, பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அது அமெரிக்கா வரை போய்விட்டது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1964 என்று நினைக்கிறேன். நான் படித்தது பிரெஞ்சு வழியில். ஊர் இந்தியாவோடு சேர்ந்து பத்து வருஷம் ஆகியிருந்தாலும் எங்கள் சரித்திரப் பாடத்தில் பாரிஸும் வெர்தனும் வெர்சாயும்தான். ஒருநாள் வாத்தியார் 1917ஆம் வருஷத்துப் பாடத்தை நாடகம் மாதிரி நடத்தினார். பிரான்ஸ் மூன்று வருஷமாக ரத்தம் சிந்திக் களைத்துக் கிடக்கிறது. ருஷ்யாவில் புரட்சி. சோர்ந்துபோன பிரெஞ்சுப் பட்டாளத்திலேயே சில பிரிவுகள் முன்னேற மறுக்கின்றன. அந்த நேரம் பார்த்துக் கடல் தாண்டி அமெரிக்கர்கள் வருகிறார்கள். ஜூலை 4, அவர்களுடைய சுதந்திர நாள். பாரிஸ் தெருக்களில் ஊர்வலமாகப் போய், அமெரிக்க சுதந்திரத்துக்காகச் சண்டை போட்ட லாஃபாயெத்தின் கல்லறை முன்னால் நின்று, "லாஃபாயெத், இதோ வந்துவிட்டோம்" என்கிறார் தளபதி பெர்ஷிங்.

வாத்தியாருக்குக் கண் கலங்கியது. எங்களுக்கும்தான். நூற்று நாற்பது வருஷத்துக்கு முந்தைய நன்றிக் கடனைத் தீர்க்கக் கடல் கடந்து வந்த ஒரு தேசம்! சாயங்காலம் வீட்டுக்கு ஓடி, திண்ணையில் சுருட்டோடு உட்கார்ந்திருந்த தாத்தாவிடம் அப்படியே ஒப்பித்தேன்.

தாத்தா கடைசி வரை கேட்டார். பிறகு சொன்னார்: "அமெரிக்கேனை நான் பார்த்தேன்டா தம்பி. சேன் நசேர் துறைமுகத்துல. கப்பல்லேர்ந்து மூட்டை இறக்கினவன் பாதிப்பேர் நம்ம நிறம், நம்மைவிடக் கறுப்பு. அவனும் அமெரிக்கேன்தான். ஆனா சாப்பாடு தனி, கொட்டகை தனி. வந்தான், வந்தான்னு சொல்றாரே உங்க முசியே, எங்கேயிருந்து வந்தான், என்னா வழியா வந்தான்னு சொன்னாரா?"

சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி நாற்பது வருஷம் அப்படியே கிடந்தது. அரசாங்க உத்தியோகத்தில் கோப்புகளைப் புரட்டிக் காலம் போயிற்று. ஓய்வுபெற்ற பிறகு, ரோமன் ரோலான் நூலகத்தில் மத்தியான நேரங்களைக் கழிக்கத் தொடங்கியபோதுதான், தாத்தா கேட்ட கேள்விக்குப் பதில் தேட ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு திருத்தம். அந்தப் புகழ்பெற்ற வார்த்தையைச் சொன்னவர் பெர்ஷிங் அல்ல. அவருடைய அதிகாரிகளில் ஒருவரான கர்னல் சார்ல்ஸ் ஸ்டாண்டன். பெர்ஷிங் பக்கத்தில் இருந்தார், அவ்வளவுதான். அதைவிட முக்கியமானது, பெர்ஷிங் அந்தக் கல்லறைக்கு வந்து சேர்ந்த வழி. அந்த ஒரு மனிதரின் உத்தியோகப் பதிவேட்டைப் புரட்டினால் போதும், அமெரிக்கா கடல் தாண்டிய கதை முழுக்க வந்துவிடுகிறது.

ஜான் பெர்ஷிங் ராணுவத்தில் சேர்ந்து முதலில் அனுப்பப்பட்டது மேற்கே, செவ்விந்தியர்கள் மேல். அந்த வேலை முடிந்தபோது அமெரிக்காவுக்கு உள்நாட்டில் பிடிக்க நிலம் தீர்ந்துவிட்டது. 1803இல் நெப்போலியனிடமிருந்து லூசியானாவை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கினார்கள். 1840களில் மெக்சிகோவோடு சண்டை போட்டு அதன் நிலத்தில் பாதியை எடுத்துக்கொண்டார்கள். 1867இல் ருஷ்யாவிடம் 72 லட்சம் டாலர் கொடுத்து அலாஸ்காவை வாங்கினார்கள். அடுத்தது கடல்தான். 1890இல் மேஹன் என்ற கடற்படை அதிகாரி எழுதிய புத்தகம், கடலை ஆள்பவனே பெரிய நாடு என்று நிறுவியது. கடலை ஆளக் கப்பல் வேண்டும், கப்பலுக்குக் கரி போட வழியெல்லாம் துறைமுகம் வேண்டும். 1893இல் ஹவாய்த் தீவுகளின் அரசி லிலியுவோகலானியை அங்கே கரும்புத் தோட்டத்தால் பணக்காரர்களான வெள்ளையர்கள் கவிழ்த்தார்கள். அந்த நேரத்தில் அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து சிப்பாய்கள் கரையில் இறங்கி நின்றார்கள். அடுத்து வந்த ஜனாதிபதி கிளீவ்லண்டு, இது நியாயமில்லை என்று தீவுகளைச் சேர்த்துக்கொள்ள மறுத்தார். அதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஐந்து வருஷத்தில் வேறு ஜனாதிபதி, வேறு காலம், சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த வேறு காலம் 1898. கியூபா ஸ்பெயினின் காலனியாக இருந்தது. அங்கே விடுதலைப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. பிப்ரவரி 15ஆம் தேதி ஹவானா துறைமுகத்தில் நின்ற 'மெயின்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து 260 பேருக்கு மேல் இறந்தார்கள். ஸ்பெயின்காரன் வைத்த வெடி என்று நியூயார்க் பத்திரிகைகள் போட்டி போட்டுக்கொண்டு எழுதின. 1976இல் ரிக்கோவர் என்ற அமெரிக்கக் கடற்படைத் தளபதியே அதை ஆராய்ந்து, கப்பலுக்குள் இருந்த நிலக்கரிக் கிடங்கில் பற்றிய தீயே காரணமாக இருக்கலாம் என்று முடிவு சொன்னார். எழுபத்தெட்டு வருஷம் கழித்து வந்த தீர்ப்பால் யாருக்கு என்ன லாபம்? ஏப்ரலில் தொடங்கிய போர் ஆகஸ்டில் முடிந்துவிட்டது. கியூபாவின் சான் ஹுவான் குன்றில் ஏறியவர்களில், கறுப்பர்களைக் கொண்ட பத்தாவது குதிரைப்படையோடு போன வெள்ளை அதிகாரி பெர்ஷிங்.

கியூபாவை விடுவிக்கத்தான் போர் என்றார்கள். தீவை எங்களோடு சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று தங்கள் காங்கிரஸிலேயே தீர்மானம் போட்டிருந்தார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்கள், ஒரு விதத்தில். 1901இல் பிளாட் திருத்தம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, எப்போது வேண்டுமானாலும் தலையிடும் உரிமையைக் கியூபாவின் அரசியல் சட்டத்திலேயே எழுத வைத்தார்கள். குவாந்தனாமோ துறைமுகம் அந்த வழியில் கைக்கு வந்ததுதான். இன்றும் கையில்தான் இருக்கிறது.

ஆனால் பெரிய கதை கியூபா அல்ல, பிலிப்பைன்ஸ். கியூபாவை விடுவிக்கப் போனவர்கள் உலகத்தின் மறுகோடியில் மணிலா துறைமுகத்தில் ஸ்பெயின் கப்பற்படையை மே 1ஆம் தேதி காலையில் முடித்துவிட்டார்கள். அங்கேயும் விடுதலைப் படை இருந்தது. அதன் தலைவர் எமிலியோ அகினால்டோ ஜூன் 12ஆம் தேதி சுதந்திரப் பிரகடனமே செய்துவிட்டார். அவருடைய ஆட்கள் மணிலாவைச் சுற்றி வளைத்து நின்றார்கள். ஆகஸ்டில் ஒரு வேடிக்கை நடந்தது. ஸ்பெயின் தளபதியும் அமெரிக்கத் தளபதிகளும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, ஒப்புக்கு ஒரு சண்டை போட்டு, நகரத்தைக் கைமாற்றிக்கொண்டார்கள். நிபந்தனை ஒன்றுதான்: பிலிப்பினோக்கள் உள்ளே வரக்கூடாது.

டிசம்பர் 10ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. எங்கே தெரியுமா? எங்கள் பாடப்புத்தகத்தின் தலைநகரான பாரிஸில்! போர்ட்டோ ரிக்கோவும் குவாமும் அமெரிக்காவுக்கு. பிலிப்பைன்ஸுக்கு விலை 2 கோடி டாலர். அகினால்டோவின் தூதராக ஃபெலிப்பே அகோன்சில்லோ என்ற வக்கீல் வாஷிங்டனுக்கும் பாரிஸுக்கும் அலைந்தார். யாரும் அவரை உள்ளே விடவில்லை.

நான் குமாஸ்தாவாக இருந்தவன். ஒப்பந்தம் என்றால் கடைசி ஷரத்துகளைத்தான் முதலில் படிப்பேன். அந்த ஒப்பந்தத்தின் ஒன்பதாவது ஷரத்து என்னை நிறுத்திவிட்டது. ஸ்பெயினில் பிறந்து அந்தத் தீவுகளில் குடியிருப்பவர்கள், ஒரு வருஷத்துக்குள் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தால் ஸ்பெயின் பிரஜைகளாகவே இருக்கலாம். தீவுகளிலேயே பிறந்த மக்களின் நிலையை? அதை அமெரிக்கக் காங்கிரஸ் தீர்மானிக்கும். இவ்வளவுதான். வந்து குடியேறியவனுக்குத் தேர்வு உண்டு, மண்ணில் பிறந்தவனுக்கு இல்லை. இந்த ஷரத்துக்குப் பிறகு வருகிறேன்.

1899 பிப்ரவரி 4 இரவு அமெரிக்கர்களுக்கும் பிலிப்பினோக்களுக்கும் சண்டை மூண்டது. ஸ்பெயினோடு நடந்த போர் நாலு மாதம். இது மூன்று வருஷத்துக்கு மேல். ஒரு கட்டத்தில் 70,000 அமெரிக்கச் சிப்பாய்கள் அங்கே இருந்தார்கள். கிராமங்களைக் கொளுத்தினார்கள். மக்களைக் கூட்டி வேலிக்குள் அடைத்தார்கள். பிடிபட்டவன் வாயில் தண்ணீரை ஊற்றி வயிறு வீங்க வைத்து விசாரித்தார்கள். சாமர் தீவில் பாலங்கிகா என்ற ஊரில் கிராமத்தார் திரண்டு அமெரிக்கப் பிரிவு ஒன்றை வெட்டிச் சாய்த்தபோது, பழிக்குப் பழியாகத் தீவையே பாழாக்கினார்கள். ஊர்க் கோயில் மணிகளைக்கூட எடுத்துக்கொண்டு போனார்கள். அமெரிக்கர்கள் 4,200 பேருக்கு மேல் இறந்தார்கள். பிலிப்பினோப் போராளிகள் சுமார் 20,000 பேர். பஞ்சத்திலும் காலராவிலும் வன்முறையிலும் மாண்ட சாதாரண ஜனங்கள் குறைந்தது இரண்டு லட்சம் இருக்கும் என்கிறார்கள் சரித்திர ஆசிரியர்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது.

அமெரிக்காவிலேயே எதிர்த்தவர்கள் இருந்தார்கள். எழுத்தாளர் மார்க் ட்வைன் அதில் முக்கியமானவர். விடுதலை கொடுக்கப் போன நாம் அடிமை பிடிக்கிறோமே என்று அவர் எழுதித் தீர்த்தார். காலனி எதிர்ப்புச் சங்கத்தில் அவர் பெயரும் பெரிய முதலாளி கார்னகியின் பெயரும் சேர்ந்தே இருந்தன. இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு ஒரு ஆறுதல். எந்த தேசமும் ஒரே குரலில் பேசுவதில்லை.

பெர்ஷிங்? அவர் 1899 கடைசியில் பிலிப்பைன்ஸுக்குப் போனார். தெற்கே மிண்டானாவோவில் முஸ்லிம்களான மோரோக்களை அடக்கினார். அவர்கள் மொழியில் கொஞ்சம் கற்றுக்கொண்டவர், பேசிப் பார்த்துவிட்டுத்தான் சுடுவார் என்று பெயர். பிறகு அந்த மாகாணத்துக்கே கவர்னரானார். 1913 ஜூனில் பூத் பக்சாக் என்ற மலையில் அவர் நடத்திய தாக்குதலில் மோரோக்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. அதற்கு நாலு வருஷம் கழித்துத்தான் அவர் லாஃபாயெத் கல்லறையில் நின்றார்.

இடையில் பனாமா. இது பிரெஞ்சுக்காரர் சம்பந்தப்பட்ட கதை; ஆனாலும் வகுப்பில் பாதிதான் சொன்னார்கள். சூயஸ் கால்வாய் வெட்டிய லெசெப்ஸ் பனாமாவிலும் வெட்டப் போய், கம்பெனி 1889இல் திவாலாகி, மஞ்சள் காய்ச்சலிலும் மலேரியாவிலும் சுமார் இருபதாயிரம் பேர் மடிந்தார்கள் என்பது வரை பாடம். மீதி இது: அந்தக் கம்பெனியில் எஞ்சினியராக இருந்த பிலிப் புனோ-வாரியா என்பவர், மிச்சமிருந்த சொத்தை அமெரிக்காவுக்கு விற்றுவிடத் துடித்தார். பனாமா அப்போது கொலம்பியாவின் பகுதி. கொலம்பியாவின் செனட் ஒப்பந்தத்தை நிராகரித்தது. 1903 நவம்பர் 3இல் பனாமாவில் ஒரு புரட்சி வெடித்தது. கொலம்பியப் பட்டாளம் வந்து அடக்க முடியாதபடி அமெரிக்கப் போர்க்கப்பல் கரையில் நின்றது. மூன்று நாளில் வாஷிங்டன் புது நாட்டை அங்கீகரித்தது. நவம்பர் 18ஆம் தேதி ஒப்பந்தம். பனாமா சார்பில் கையெழுத்துப் போட்டவர் யார்? அதே புனோ-வாரியா! பனாமாவின் பிரதிநிதிகள் வாஷிங்டன் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியபோது மை காய்ந்துவிட்டிருந்தது. பத்து மைல் அகல நிலம், காலவரையின்றி அமெரிக்காவுக்கு. பனாமாவுக்கு 1 கோடி டாலர், வருஷக் குத்தகை இரண்டரை லட்சம். பிரெஞ்சுக் கம்பெனிக்கு 4 கோடி டாலர்.

வெட்டி முடித்தார்கள், அதை மறுக்க முடியாது. கொசுவை ஒழித்தார்கள், மலையைப் பிளந்தார்கள். ஆனால் அங்கே இரண்டு சம்பளப் பட்டியல் இருந்தது. வெள்ளை அமெரிக்கர்களுக்குத் தங்க நாணயத்தில் சம்பளம், அது தங்கப் பட்டியல். பார்படாஸ் முதலிய தீவுகளிலிருந்து வந்த கறுப்புத் தொழிலாளிகளுக்கு வெள்ளி நாணயம், வெள்ளிப் பட்டியல். தபாலாபீஸ் ஜன்னல்கூட இரண்டு. சம்பளப் பட்டியல் எழுதியே கண் மங்கிய எனக்கு இதைப் படித்த இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. அந்தப் பட்டியலையும் என்னைப் போல ஒருத்தன்தானே கோடு போட்டு எழுதியிருப்பான்? கால்வாயில் முதல் கப்பல் போனது 1914 ஆகஸ்ட் 15. ஐரோப்பாவில் போர் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை.

இப்போது போருக்கு வருகிறேன். ஜனாதிபதி வில்சன் நடுநிலை என்று அறிவித்தார். நடுநிலை நாட்டுக்கு வியாபாரம் நன்றாக நடந்தது. பிரிட்டனும் பிரான்சும் வெடிமருந்தும் கோதுமையும் பருத்தியும் வாங்கின. பணம் தீர்ந்தபோது நியூயார்க் வங்கிகள் கடன் கொடுத்தன. 1917 ஏப்ரலுக்குள் நேச நாடுகள் அமெரிக்கத் தனியாரிடம் வாங்கிய கடன் 200 கோடி டாலருக்கு மேல். 1915 மே மாதம் ஜெர்மன் நீர்மூழ்கி லூசிடானியாவை மூழ்கடித்தபோது இறந்த 1,198 பேரில் 128 பேர் அமெரிக்கர்கள். அப்போதும் வில்சன் போருக்குப் போகவில்லை. நம்மைப் போரிலிருந்து காத்தவர் என்ற கோஷத்தில்தான் 1916இல் மறுபடி ஜெயித்தார்.

ஆனால் அந்த நடுநிலைக் காலத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. 1915 ஜூலையில் ஹைத்தியில் படை இறக்கினார். பிரெஞ்சு பேசும் நாடு, நெப்போலியனைத் தோற்கடித்து விடுதலை பெற்ற கறுப்பர்களின் குடியரசு. அங்கே அமெரிக்கப் படை 19 வருஷம் இருந்தது. ரோடு போடக் கிராமத்து ஜனங்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்தார்கள். அடுத்த வருஷம் பக்கத்து டொமினிக்கன் குடியரசு. அதே 1916இல் மெக்சிகோவில் பாஞ்சோ வில்லாவைத் துரத்திக்கொண்டு பத்தாயிரம் பேருக்கு மேல் எல்லை தாண்டினார்கள். தளபதி யார் என்று கேட்கவே வேண்டாம், பெர்ஷிங்தான். வில்லா அகப்படவில்லை.

1917 பிப்ரவரியில் ஜெர்மனி எந்தக் கப்பலானாலும் எச்சரிக்கையின்றி மூழ்கடிப்போம் என்றது. மெக்சிகோ எங்களோடு சேர்ந்தால் டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவை மீட்டுத் தர உதவுவோம் என்று ஜெர்மன் மந்திரி சிம்மர்மான் அனுப்பிய தந்தியைப் பிரிட்டிஷார் உடைத்துப் படித்து அமெரிக்காவிடம் கொடுத்தார்கள். ஏப்ரல் 6ஆம் தேதி அமெரிக்கா போரில் இறங்கியது. ஒரு மாதம் முன்புதான் போர்ட்டோ ரிக்கோ மக்களுக்குக் குடியுரிமை கொடுத்திருந்தார்கள். சில மாதங்களில் கட்டாய ராணுவ சேவைப் பட்டியலில் அவர்கள் பேரும் வந்தது.

தாத்தாவின் தலைமுறைக்கு நியாயம் செய்ய வேண்டும் என்றால் இதையும் எழுத வேண்டும். அமெரிக்கர்கள் வராமல் இருந்தால் 1918இல் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. இருபது லட்சம் பேர் பிரான்சில் வந்து இறங்கினார்கள். பெலோ காட்டில் செத்தார்கள். மியூஸ்-ஆர்கோன் போரில் மட்டும் ஆறரை வாரத்தில் 26,000 பேர் மாண்டார்கள். மொத்தம் 1,16,000க்கு மேல். பாதிக்குமேல் நோயில், பெரும்பாலும் விஷக் காய்ச்சலில். பிரான்ஸ் இழந்தது சுமார் 13 லட்சத்துக்கு மேல். கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யார் சுமந்தது என்று தெரியும். ஆனால் செத்த ஒவ்வொருத்தனும் ஒரு தாய்க்குப் பிள்ளை. அவனை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

தாத்தா பார்த்த அந்தத் துறைமுகக் கறுப்பர்களுக்கு வருகிறேன். பிரான்சுக்கு வந்த கறுப்பு அமெரிக்கர்கள் சுமார் இரண்டு லட்சம். பெரும்பாலானோரை மூட்டை தூக்கவும் ரோடு போடவும் பிணம் புதைக்கவும் வைத்தார்கள். சண்டை போடத் தயாரான நாலு கறுப்பு ரெஜிமெண்டுகளைப் பெர்ஷிங் பிரெஞ்சுப் படைக்கே கொடுத்துவிட்டார். அதில் ஒன்று, நியூயார்க் ஹார்லெம் பகுதி ஆட்கள் நிறைந்த 369ஆவது, 191 நாள் முன்னணியில் நின்றது. ரெஜிமெண்டுக்கே பிரான்ஸ் 'குருவா தெ கேர்' பதக்கம் கொடுத்தது.

ஆனால் 1918 ஆகஸ்டில் ஒரு ரகசியச் சுற்றறிக்கை போயிற்று. அமெரிக்கத் தலைமையகத்தோடு இருந்த பிரெஞ்சு அலுவலகத்திலிருந்து பிரெஞ்சு அதிகாரிகளுக்கு: கறுப்பு அமெரிக்க அதிகாரிகளோடு நெருங்கிப் பழகாதீர்கள், கூட உட்கார்ந்து சாப்பிடாதீர்கள், வெள்ளை அமெரிக்கர்கள் முன்னால் அவர்களை அதிகம் புகழாதீர்கள். போருக்குப் பிறகு டு போய்ஸ் என்ற கறுப்பு அறிஞர் இதைத் தம் பத்திரிகையில் வெளியிட்டார். ஆக, "சாப்பாடு தனி, கொட்டகை தனி" என்று தாத்தா சொன்னது வெறும் திண்ணைப் பேச்சு அல்ல. அதற்குக் கோப்பும் இருந்தது, எண்ணும் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. அந்தக் காகிதம் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டது என்பதுதான் எனக்கு வலித்தது.

1918 ஜனவரியில் வில்சன் தம் பதினான்கு அம்சங்களை அறிவித்தார். ஒவ்வொரு இனமும் தன் தலைவிதியைத் தானே தீர்மானிக்கலாம் என்று உலகம் அதற்குப் பொருள் எடுத்துக்கொண்டது. அடிமை நாடுகளெல்லாம் நம்பின. நம் பக்கத்திலும் நம்பினார்கள். அதற்கும் முன்பே, 1917 ஜூனில், சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதியும் ஹோம் ரூல் இயக்கத்தின் பெரியவருமான எஸ். சுப்பிரமணிய ஐயர், ஊரார் சொல்லுக்கு மணி ஐயர், வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியாவுக்குத் தன்னாட்சி தருவதாக வாக்குக் கொடுக்கச் செய்யுங்கள், லட்சக்கணக்கான இந்தியர்கள் போருக்கு வருவார்கள் என்பது அதன் சாரம். அமெரிக்கத் தம்பதி ஒருவர் அதை எடுத்துப் போய்ச் சேர்த்தார்கள். விஷயம் லண்டன் பாராளுமன்றம் வரை போய், இந்தியா மந்திரி மாண்டேகு கண்டித்துப் பேசினார். எழுபத்தைந்து வயதைத் தாண்டிய மணி ஐயர் 'சர்' பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் தூக்கி எறிந்தார். வில்சனால் ஒன்றும் நடக்கவில்லை.

1919இல் பாரிஸ் மாநாடு. பின்னாளில் ஹோ சி மின் என்று பெயர் பெற்ற வியட்நாம் இளைஞர் தம் மக்களுக்கு உரிமை கேட்டு எழுதிய மனு அமெரிக்கத் தூதுக்குழுவுக்கும் போனது; பலன் இல்லை. எல்லா இனங்களும் சமம் என்று ஒரு வாசகம் சேர்க்கச் சொன்னது ஜப்பான். வாக்களித்த 17 பேரில் 11 பேர் ஆதரித்தார்கள். தலைமை வகித்த வில்சன், ஒருமனதாக இல்லை என்று தள்ளிவிட்டார். பிலிப்பைன்ஸிலிருந்து கேசோன் தலைமையில் சுதந்திரம் கேட்டு ஒரு குழு வாஷிங்டனுக்கு வந்தபோது, வில்சன் உலகத்துக்குச் சுதந்திரம் பேச பாரிஸுக்குப் போயிருந்தார். கடைசியில் அவர் கொண்டுவந்த வெர்சாய் உடன்படிக்கையை அவருடைய செனட்டே ஏற்கவில்லை. அவர் ஒரேயடியாகப் பொய் பேசினார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் சொன்ன சொல் அவரைவிடப் பெரியது. அதை எடுத்துக்கொண்டவர்கள் அவரைக் கேட்டுக்கொண்டு நடக்கவில்லை.

இப்போது அந்த ஒன்பதாவது ஷரத்து.

எங்கள் ஊரும் ஒப்பந்தத்தால் கைமாறிய ஊர்தான். 1954 அக்டோபரில் கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரச் சொன்னார்கள். 1956இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுப் பிரஜைகள் தாமாகவே இந்தியர் ஆவார்கள்; பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

தாத்தா எழுதிக் கொடுத்தார். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. ஒரே திண்ணை, ஒரே சோறு, இரண்டு தேசம். சில மாதம் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. "சுதந்திரம் வந்து சேர்ந்த நாளில் வெள்ளைக்காரன் பேப்பரில் கையெழுத்தா?" என்று அப்பாவுக்குக் கோபம். எழுதிக் கொடுத்த வீட்டுப் பிள்ளைகள் பிற்பாடு பாரிஸில் வீடு வாங்கினார்கள். நான் எல்.டி.சி.யாகச் சேர்ந்து சூப்பரிண்டெண்டாக ஓய்வுபெற்றேன். தாத்தா பக்கம் அப்பா சாய்ந்திருந்தால் என்ற கேள்வி எனக்கு வராமல் இல்லை. மாதக் கடைசிகளில் நிறையவே வந்திருக்கிறது.

தாத்தா 1971இல் போனார். அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள் துணிந்து கேட்டேன், ஏன் தாத்தா எழுதிக் கொடுத்தீர்கள் என்று. பென்ஷன் என்பார், பழைய விசுவாசம் என்பார் என்று நினைத்தேன்.

"பிரான்சு மேல பாசம்னு நினைச்சியா? என்னை அங்க எப்படி வெச்சிருந்தாங்கன்னு எனக்குத் தெரியும்டா. ஆனா என் ஆயுசுல மொத தடவையா ஒருத்தன் காகிதத்தை நீட்டி, நீ யாரா இருக்கணும்னு கேட்டான். கேட்டுட்டான்ல? பதில் சொல்லணும்ல? உங்கப்பனும் சொன்னான், எழுதாம இருந்தே பதில் சொன்னான். ரெண்டும் சரிதான்."

அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பிலிப்பைன்ஸ் ஒப்பந்தத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது. பிலிப்பைன்ஸ் 1946 ஜூலை 4இல்தான் சுதந்திரம் பெற்றது. போர்ட்டோ ரிக்கோவில் குடியிருக்கிறவர்களுக்கு இன்றும் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் வாக்கு இல்லை. பாலங்கிகா கோயில் மணிகள் 117 வருஷம் கழித்து 2018 டிசம்பரில் திரும்பி வந்தன. மணிகளைத் திருப்பிக் கொடுக்கலாம், கொடுத்தார்கள். 1898இல் அந்த மண்ணில் பிறந்தவனிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இனி யாரிடம் போய்க் கேட்பது?

நவம்பர் 11 அன்று கூட்டம் கலைந்த பிறகு வேலியைத் தாண்டிப் போய் ஒரு நிமிஷம் நின்றேன். தாத்தா சேன் நசேரில் பார்த்த அந்தக் கறுப்புச் சிப்பாய்களையும் அன்று சேர்த்தே நினைத்துக்கொண்டேன். அவர்களும் கேட்கப்படாமல் வந்தவர்கள்தான்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சொல்தா தாத்தாவோ, அந்த ஆறு மாதத்துக் கதையோ இருந்தால் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். நம்மோடு போய்விட்டால் அதற்குக் கோப்பு எதுவும் கிடையாது.